சால்குரோவ் பானையும் டொமிட்டியானஸ் காசும்: ஓர் அடையாளங்காணல் வழக்கு

1900-ஆம் ஆண்டு மேற்கு பிரான்சில், நாந்த் நகருக்குப் பக்கத்தில் லெ க்ளியோன் என்ற இடத்தில் ரோமானியக் காசுக் குவியல் ஒன்று கிடைத்தது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக் காசுகள். உள்ளே செம்பு, மேலே பெயருக்கு ஒரு வெள்ளிப் பூச்சு. பிரான்சிலும் இங்கிலாந்திலும் இந்த வகை பானை பானையாகக் கிடைப்பதால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. ஆனால் இந்தக் குவியலில் ஒரே ஒரு காசில் ‘டொமிட்டியானஸ்’ என்று பெயர் இருந்தது. தலையில் பேரரசனுக்குரிய முடி. பெயருக்கு முன்னும் பின்னும் பேரரசனுக்குரிய பட்டங்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒருவர் ஆண்டதாக எந்த அரசர் பட்டியலிலும் இல்லை.

காசு நாந்திலுள்ள டோப்ரே அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ‘போலியாக இருக்கலாம்’ என்ற பேச்சு அடுத்த நூறாண்டு அதை விடவில்லை. கடைசியில் அதை மெய்யென்று நிறுவியது இங்கிலாந்தில் ஒரு வயலில் மெட்டல் டிடெக்டர் காட்டிக்கொடுத்த பானை. பழங்காசை அடையாளம் காண்பது பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த வழக்கைத்தான். காசின் இரண்டு பக்கத்தையும் பார்த்துப் படிப்பது பாதி வேலை. அது எங்கே, எவற்றோடு கிடந்தது என்பது மறு பாதி. அந்த மறு பாதியைத்தான் நம்மில் பலர் வீட்டுக் குழாயடியில் கழுவி ஊற்றிவிடுகிறோம்.

சந்தேகப்பட்டவர்கள் முட்டாள்களா?

இல்லை. 1900-ல் நான் இருந்திருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

காரணம் எளிது. அந்தக் காலத்தில் பிரான்ஸ், பிரிட்டன் உள்ளிட்ட மேற்குப் பகுதிகள் ரோமிலிருந்து பிரிந்து தனி ஆட்சியாக இருந்தன. போஸ்டுமஸ் 260-ல் தொடங்கிவைத்த இந்த ஆட்சியைக் கல்லியப் பேரரசு என்கிறார்கள். அதன் கடைசி அரசர்களில் விக்டோரினஸ் (269–271), டெட்ரிகஸ் (271–274) இருவரின் காசுகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றின் முன்பக்க எழுத்து எப்படி இருக்கும்? ‘இம்ப் சி டெட்ரிகஸ் பி எஃப் ஆக்’. அதாவது இம்பெராட்டர், சீசர், பெயர், பியுஸ், ஃபெலிக்ஸ், ஆகுஸ்டுஸ் என்பவற்றின் சுருக்கம். விக்டோரினஸுக்கும் இதே வாய்பாடுதான், நடுவில் பெயர் மட்டும் வேறு. டொமிட்டியானஸ் காசிலும் அதே ‘இம்ப் சி’, அதே ‘பி எஃப் ஆக்’.

கள்ளக் காசு செய்கிறவனுக்கு இது வசதி. மலிவாகக் கிடைக்கும் ஒரு டெட்ரிகஸ் காசை எடுத்து, நடுவிலுள்ள எழுத்துகளை நுண்ணுளியால் சுரண்டி, வேறு பெயரை வெட்டிவிட்டால் உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி உள்ள அபூர்வக் காசு தயார். இந்த வித்தை இன்றும் நடக்கிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் சில அடையாளங்கள் தெரியும். அச்சால் அடிக்கும்போது உலோகம் எழுத்தைச் சுற்றி விளிம்பை நோக்கிப் பரவிய மெல்லிய வரிகள் இருக்கும். வெட்டிய எழுத்தில் அது இருக்காது, பதிலுக்கு உளிக் கீறல் இருக்கும், சுற்றியுள்ள தளமும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். ஆனால் ஆயிரத்து அறுநூறு ஆண்டு மண்ணில் கிடந்து களிம்பேறிய காசில் இதையெல்லாம் அடித்துச் சொல்வது கடினம்.

இலக்கியச் சான்றும் கைகொடுக்கவில்லை. டொமிட்டியானஸ் என்ற பெயர் இரண்டு இடங்களில் வருகிறது. ரோமில் ஆண்ட பேரரசர் ஆரேலியன் காலத்தில் கலகம் செய்து உடனே தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் என்று பழைய வரலாற்றாசிரியர் சோசிமஸ் ஒரு வரியில் சொல்லிப் போகிறார். அதற்குச் சில ஆண்டுகள் முந்தைய நிகழ்வுகளில் ரோமானியத் தளபதி ஆரியோலஸின் படைத்தலைவராக ஒரு டொமிட்டியானஸை, பேரரசர்களின் வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பான ‘ஹிஸ்டோரியா ஆகுஸ்டா’ காட்டுகிறது. அந்த நூல் பாதிக்கு மேல் கட்டுக்கதை என்பது வரலாற்றுத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. இருவருமே காசடித்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. ஒற்றைக் காசு, ஒற்றை வரி, ஒரு நம்பமுடியாத நூல். இதை வைத்துக்கொண்டு ஒரு பேரரசனை வரலாற்றில் ஏற்ற முடியாது என்று சொன்னவர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள்.

2003: வயலில் ஒரு பானை

சால்குரோவ், ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தென்கிழக்கே உள்ள கிராமம். அங்கே 1989-லேயே நாலாயிரத்துக்கு மேற்பட்ட ரோமானியக் காசுகள் உள்ள குவியல் ஒன்று கிடைத்திருந்தது. 2003 ஏப்ரலில் அதே பகுதி வயலில் டிடெக்டர் மறுபடியும் ஒலித்தது. இந்தத் தடவை மண்பானை. உள்ளே 4,957 காசுகள், களிம்பேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாக இறுகியிருந்தன.

கண்டெடுத்தவர் செய்த நல்ல காரியம், அந்தக் கட்டியை உடைக்கவில்லை. பானை அப்படியே பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. இங்கிலாந்துச் சட்டமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பொன்னோ வெள்ளியோ அதிகம் இல்லாத காசாக இருந்தாலும், 300 ஆண்டுக்கு மேற்பட்டவை ஒரே இடத்தில் குறைந்தது பத்து கிடைத்தால் 14 நாளுக்குள் கரோனரிடம் தெரிவிக்க வேண்டும். சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதே கரோனர்தான். செத்தவன் வழக்கையும் புதைத்தவன் வழக்கையும் ஒரே ஆளிடம் விட்டிருக்கிறார்கள் என்று நான் வேடிக்கையாக நினைப்பதுண்டு. அருங்காட்சியகம் ஏதாவது அதை வாங்க விரும்பினால் மதிப்புக் கட்டிப் பணம் தருவார்கள். வழக்கமாக அது கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்காகும். ஒளித்துவைப்பதைவிடச் சொல்வது லாபம் என்கிற ஏற்பாடு இது. இதனால்தான் அங்கே இத்தனை பொருள்கள் வெளியே வருகின்றன.

மியூசியத்தின் பாதுகாப்புப் பணியாளர்கள் கட்டியிலிருந்து காசுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பிரித்துச் சுத்தம் செய்தவற்றை அரசர்வாரியாக அடுக்கும் வேலை ரோமானியக் காசுப் பிரிவின் காப்பாளர் ரிச்சர்ட் ஆப்டியிடம் வந்தது. கி.பி. 251 முதல் 279 வரையிலான காசுகள். வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பூட்டும் வேலை: ஒரே அளவு, ஒரே நிறம், கதிர்முடி சூடிய தாடிக்காரர்களின் வரிசை. அந்த வரிசையில் ஒன்றில் டொமிட்டியானஸ் என்று இருந்தது. 2004 பிப்ரவரியில் மியூசியம் செய்தியை வெளியிட்டது.

பெயரைப் படித்தால் போதாது

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தக் காசு நிபுணர் கையில் இல்லாமல் நம்மைப் போன்ற ஆர்வலர் கையில் தனியாகக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெயரைப் படித்திருப்போம், இணையத்தில் தேடியிருப்போம், ‘டொமிஷியன், ஆட்சிக்காலம் 81–96’ என்று உறையில் எழுதி வைத்திருப்போம். முதல் நூற்றாண்டின் அந்தப் பெயர்பெற்ற டொமிஷியனுக்கும் லத்தீனில் டொமிட்டியானஸ்தான் பெயர்.

இரண்டையும் பிரித்தறிய உதவுவன இவை. முதலில் தாடி. டொமிஷியன் மழித்த முகத்துக்காரர். சால்குரோவ் காசிலுள்ளவருக்கு விக்டோரினஸ், டெட்ரிகஸ் காசுகளில் உள்ளதுபோல் தாடி. அடுத்து பட்டங்கள். ‘பியுஸ் ஃபெலிக்ஸ்’ என்ற இரட்டைப் பட்டத்தைப் பேரரசர்கள் சேர்த்துப் போட்டுக்கொள்ளத் தொடங்கியது கொமோடஸ் காலத்தில், 180-களில். அதற்கு நூறாண்டு முந்திய டொமிஷியன் காசில் ‘பி எஃப்’ வர வழியே இல்லை. அவர் காசில் ஜெர்மானிகஸ் பட்டமும் கான்சல் என்ற ரோமானிய உயர்பதவியை எத்தனையாவது முறை வகிக்கிறார் என்ற எண்ணும் வரும்.

கதிர்முடியை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். சூரியக் கதிர்போல் கூர்கூராக நிற்கும் இந்த முடியை மூன்றாம் நூற்றாண்டின் அடையாளமாகவே பலர் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள். முதல் நூற்றாண்டு டுபாண்டியஸ் காசுகளிலும் அது உண்டு, டொமிஷியன் காசிலும் உண்டு. ஆனால் டுபாண்டியஸ் பித்தளை, பெரியது, 12 கிராம் அளவுக்குக் கனக்கும். கல்லியப் பேரரசின் கதிர்முடிக் காசு அதில் நாலில் ஒரு பங்கு எடைகூட இருக்காது. ஆகவே தராசும் அளவுகோலும் இல்லாமல் எழுத்தை மட்டும் படித்து முடிவுக்கு வருவது ஆபத்து.

டிடெக்டர்காரர்களின் பையில் காசல்லாத பொருள்களுக்கும் இந்தக் கதிதான். இங்கிலாந்து வயல்களில் சர்வசாதாரணமாகக் கிடைப்பது ஜெர்மனியின் நூரெம்பெர்க் நகரில் செய்த பித்தளை வில்லைகள். கணக்குப் பலகையில் நகர்த்திக் கூட்டல் கழித்தல் போடுவதற்காக அடித்தவை. நடுவில் ரோஜாவும் மகுடங்களும், மறுபக்கம் சிலுவை வைத்த உருண்டை, சுற்றிலும் எழுத்து. பார்த்தால் இடைக்காலப் பொற்காசு மாதிரியே இருக்கும். சுற்றியுள்ள எழுத்தைப் பொறுமையாகப் படித்தால் பலவற்றில் ஹான்ஸ் கிராவிங்கெல் என்று வரும். அரசனல்ல, வில்லை அடித்த பட்டறைக்காரர். கிழிந்த தகடுபோல் மெல்லியது, எடைபோட்டால் உடனே பித்தளை என்று தெரிந்துவிடும். இருந்தாலும் ‘தங்கக் காசு கிடைத்தது’ என்று படம்போடுகிறவர்கள் குறைந்தபாடில்லை.

இரண்டு காசு, ஒரே அச்சு

சால்குரோவ் காசு டொமிஷியனுடையதல்ல என்பது மேற்சொன்னவற்றால் முடிந்துவிடும். அடுத்த கேள்வி, அது மெய்யா? இங்கேதான் பிரான்ஸ் காசு திரும்ப வருகிறது.

ரோமானியக் காசு சுத்தியால் அடிக்கப்பட்டது. முன்பக்க அச்சைப் பட்டடையில் பதித்துவைப்பார்கள்; மேலே காசுத் துண்டு; அதன்மேல் பின்பக்க அச்சைப் பிடித்து ஓங்கி ஓர் அடி. அச்சு கையால் செதுக்கியது. ஒரே கொல்லன் செதுக்கினாலும் இரண்டு அச்சு ஒன்றுபோல் அமையாது: ஓர் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஒன்றின் கால் முடியின் கதிரைத் தொடும், இன்னொன்றில் தொடாது. இந்த நுணுக்கங்கள் அனைத்தும் இரண்டு காசில் ஒத்துப்போனால் அவை ஒரே அச்சில் அடித்தவை. நாந்த் காசையும் சால்குரோவ் காசையும் ஒப்பிட்டபோது முன்பக்கமும் ஒரே அச்சு, பின்பக்கமும் ஒரே அச்சு என்று தெரிந்தது. பின்பக்கத்தில் ஒற்றுமைத் தெய்வமான கான்கோர்டியா நிற்கிறாள், சுற்றி ‘கான்கோர்டியா மிலிட்டும்’, படைவீரரின் ஒற்றுமை.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். 1900-ல் யாரோ ஒரு டெட்ரிகஸைச் சுரண்டிப் பெயரை மாற்றியிருந்தால், சுரண்டிய எழுத்துகளின் அதே வளைவும் இடைவெளியும் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் 1,700 ஆண்டாகப் பானைக்குள் ஒட்டிக்கிடந்த காசில் எப்படி வரும்? வராது. சால்குரோவ் காசை யாரும் பின்னால் செருகியிருக்கவும் முடியாது. அது மற்ற காசுகளோடு களிம்பால் பிணைந்த கட்டிக்குள் இருந்தது, அந்தக் கட்டி மியூசியத்தில்தான் பிரிக்கப்பட்டது. ஆக, பானை சால்குரோவ் காசுக்குச் சாட்சி, சால்குரோவ் காசு நாந்த் காசுக்குச் சாட்சி. நூறாண்டுப் பழி ஒரே நாளில் போனது.

கண்டெடுத்தவர் அந்தக் கட்டியை வீட்டில் சுத்தியலால் தட்டிப் பிரித்திருந்தால்? காசு கிடைத்திருக்கும். ‘என் பானையில் இருந்தது’ என்று அவரும் சொல்லியிருப்பார். ஆனால் எதிர்த்தரப்பு எழுப்பும் முதல் கேள்வியே அந்த இடத்தில்தான் விழுந்திருக்கும்.

ஒரே அச்சு என்பதிலிருந்து இன்னொன்றும் ஊகிக்கலாம். நீண்ட நாள் ஆண்டு, நிறையக் காசடித்திருந்தால் பல அச்சுகள் தேய்ந்து மாறியிருக்கும். தற்செயலாக மிஞ்சிய இரண்டு காசும் இரண்டு பக்கமும் ஒரே அச்சில் அமைய வாய்ப்புக் குறைவு. எனவே ஆட்சி மிகக் குறுகியது, சில வாரங்கள் அல்லது அதற்கும் குறைவு என்று கருதுகிறார்கள். இரண்டே காசை வைத்து இதை அடித்துச் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் திசை சரியானதுதான். முகச்சாயலும் வேலைப்பாடும் விக்டோரினஸின் கடைசிக் காசுகளுக்கும் டெட்ரிகஸின் தொடக்கக் காசுகளுக்கும் நடுவில் பொருந்துவதால் 271 வாக்கில் என்று வைக்கிறார்கள். அக்கசாலையைக் கைப்பற்றி, அதன் தேர்ந்த கொல்லர்களைக் கொண்டே காசடிக்கும் அளவுக்கு அந்த மனிதரிடம் அதிகாரம் இருந்திருக்கிறது. அந்தக் காசுகளில் ஒன்று கடல்தாண்டி பிரிட்டன் வரை புழங்கியும் இருக்கிறது.

உடைக்காமல் விட்ட பானைகள், உடைத்துத் தின்ற பானைகள்

2010-ல் சாமர்செட்டில் ஃப்ரோம் அருகே இன்னொரு டிடெக்டர்காரருக்கு 52,503 காசுகள் கொண்ட பெரும்பானை அகப்பட்டது. சில காசுகள் தெரிந்ததுமே அவர் தோண்டுவதை நிறுத்தித் தொல்லியலாளர்களை வரவழைத்தார். அவர்கள் பானைக்குள்ளிருந்து படலம் படலமாக, எந்தப் படலத்தில் எது என்று குறித்துக்கொண்டே எடுத்தார்கள். காலத்தால் பிந்திய, பிரிட்டனில் தனியாட்சி நடத்திய கராசியஸின் காசுகள் மேலே இல்லாமல் பானையின் கீழ்ப்பகுதியில் திரளாக இருந்தன. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்த உண்டியலாக இருந்தால் புதியவை மேலேதானே இருக்க வேண்டும்? ஒரே சமயத்தில் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள் என்ற முடிவுக்கு அந்தப் படலக் குறிப்பு வழிவிட்டது. காசுகளை அள்ளிச் சாக்கில் போட்டிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

எதிர்மறை எடுத்துக்காட்டும் இருக்கிறது. 2015-ல் ஹெரிஃபோர்ட்ஷயரில் இருவர் வைக்கிங் காலப் புதையலைக் கண்டெடுத்து மறைத்து விற்றார்கள். ஏறத்தாழ 300 காசு இருந்திருக்கும் என்று கணிக்கப்படும் அதில், 2019-ல் வழக்கு நடந்தபோது 31 மட்டுமே மீட்கப்பட்டிருந்தன. அந்த ஆண்டே இருவருக்கும் நீண்ட சிறைத்தண்டனை. மீட்டவற்றில் வெஸ்ஸெக்ஸ் அரசர் ஆல்ஃபிரெடும் மெர்சியா அரசர் இரண்டாம் கேயோல்வுல்ஃபும் கூட்டாக வெளியிட்ட அரிய வகைக் காசுகள் இருந்தன. ஆங்கிலோ-சாக்சன் நாட்குறிப்பு கேயோல்வுல்ஃபை ‘மூடன்’ என்று ஏசி ஒதுக்கியிருந்தது. காசுகளோ இருவரும் சமமான கூட்டாளிகள் என்கின்றன. அதே 2015-ல் சால்குரோவிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள வாட்லிங்டனில் முறைப்படி அறிவிக்கப்பட்ட குவியலிலும் அதே வகைக் காசுகள் இருந்தன. நல்லவேளை. வாட்லிங்டன் இல்லாமல் ஹெரிஃபோர்ட்ஷயர் மட்டும் இருந்திருந்தால், கள்ளச்சந்தையிலிருந்து பிடித்த காசை வைத்து அரசர் வரலாற்றை மாற்றி எழுத யார் துணிவார்கள்?

நம் ஊர்ப் பக்கம்

கரூர் அமராவதி ஆற்றுமணலைச் சலித்துக் காசு பொறுக்குவது பல ஆண்டாக நடந்துவந்த தொழில். சங்ககாலச் சேரர் காசுகளில் முக்கியமானவை பலவும், ரோமானியக் காசுகளும் அப்படி வெளிவந்தவைதாம். ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றோர் அவற்றைத் தேடிப்பிடித்துப் படித்து வெளியிட்டிராவிட்டால் சங்ககாலக் காசியல் என்ற துறையே இன்றைய அளவுக்கு இருந்திராது. அதே நேரம், ஆற்றுமணலில் உருண்டு வந்த காசுக்குப் படலம் கிடையாது, கூட்டாளி கிடையாது, பானை கிடையாது. எழுத்தமைதியும் சாயலும் உலோகமும் மட்டுமே சாட்சி. அதனால் ஒவ்வொரு புதுக் காசுக்கும் லெ க்ளியோன் காசு பட்ட பாடு இங்கே காத்திருக்கிறது.

நிலத்தில் காசு அகப்பட்டால் இந்தியாவில் நடைமுறை வேறு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் நடப்பதைக் காணொளியில் பார்த்துவிட்டு டிடெக்டர் வாங்கிக்கொண்டு வயலுக்கும் கோயில் மேட்டுக்கும் கிளம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

இன்னொரு வேண்டுகோள், குறிப்பாக நம் வீட்டாருக்கு. குத்துவிளக்கைத் துலக்குகிற புளியை எடுத்துக்கொண்டு பழங்காசிடம் போகாதீர்கள். சால்குரோவ் காசுகள் போன்றவற்றின் வெள்ளிப் பூச்சு தாள்போல் மெல்லியது. புளியும் எலுமிச்சையும் களிம்போடு சேர்த்து அதையும் தின்றுவிடும். பளபளப்பான செப்பு வட்டம் மிஞ்சும், எழுத்து இருக்காது. கிடந்த இடத்தைப் படமெடுத்து, ஆழத்தையும் பக்கத்தில் இருந்தவற்றையும் குறித்து, மண்ணோடு தாளில் பொதிந்து கொடுங்கள். மீதியைத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வழக்கில் மீதி இருப்பது

காசு மெய் என்பதில் இன்று சந்தேகமில்லை. நாந்த் காசைப் பற்றிப் பிரெஞ்சு நாணயவியலாளர்கள் சில்வியான் எஸ்தியோவும் ஜில்தா சலோனும் 2004-லேயே விரிவாக எழுதி அதன் பெயரைத் துடைத்தார்கள். சால்குரோவ் காசு ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாதம் நடப்பது ஆளைப் பற்றி. சோசிமஸ் சொல்லும் கலகக்காரர் ஆரேலியனை எதிர்த்தவர். காசின் சொந்தக்காரரோ ஆரேலியனின் ஆட்சிக்கு வெளியே இருந்த கல்லியப் பகுதியில் முடிசூடியவர். இருவரும் ஒருவர்தான் என்பவர்கள் காலம் ஒத்துப்போவதைக் காட்டுகிறார்கள். ‘ஹிஸ்டோரியா ஆகுஸ்டா’வின் படைத்தலைவரையும் இவரோடு இணைப்பதற்குக் காசில் எந்தச் சான்றும் இல்லை, பெயர் ஒற்றுமை மட்டுமே. அந்தப் பெயர் ரோமானியரிடையே அப்படியொன்றும் அரிதானதல்ல.